தர்மத்துக்கு ஆயுசு எத்தனை?

சோழ மன்னர்கள் காலத்தில் ஒருவருக்குக் கோயிலில் நந்தா விளக்கு ஏற்றவேண்டும் என்று ஆசை வந்தால், எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட மாட்டார். ஆடு வாங்கிக் கொடுப்பார். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களில் காணப்படும் கணக்கு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் தினந்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டு வந்து அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுக்காரர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சாவா மூவாப் பேராடு!'

சாகாத ஆடும் கிழமாகாத ஆடும் உலகத்தில் எங்கே இருக்கின்றன என்று கேட்டுவிடாதீர்கள். ஓர் ஆடு செத்தால் ஒரு குட்டி அதன் இடத்துக்கு வந்துவிட வேண்டும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் 96-க்குக் குறையக்கூடாது. அவ்வளவுதான் சங்கதி. இன்றைய பாங்குப் பாஷையில் சொன்னால், ஆடு முதல், நெய் வட்டி. வட்டியைச் செலவழி, முதலைத் தொடாதே. எவ்வளவு காலத்துக்கு என்றால், சந்திரனும் சூரியனும் உள்ள வரைக்கும்.

ஆயிரம் வருஷமாக நம் மனத்தில் ஊறிப்போன எண்ணம் இது. தாத்தா பெயரில் ஓர் அன்னதானக் கட்டளையோ, மாமியார் பெயரில் பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசோ ஏற்படுத்துகிறவர்கள் இன்றைக்கும் இப்படித்தான் எழுதி வைக்கிறார்கள். சட்டமும் அதற்குத் துணை நிற்கிறது. பிள்ளை, பேரன், கொள்ளுப் பேரன் என்று சொந்தக் குடும்பத்துக்காகச் சொத்தை என்றென்றைக்கும் கட்டிப்போட நம் நாட்டுச் சட்டம் இடம் கொடாது; ஒரு வரம்புக்கு மேலே போனால் செல்லாது என்று சொல்லிவிடும். பொது தர்மத்துக்கு மட்டும் அந்தத் தடை கிடையாது. அது யுகாந்தம் வரையில் இருந்துகொள்ளலாம்.

அப்படியிருக்க, 'என் தர்மம் இன்ன வருஷம், இன்ன தேதியோடு முடிந்துவிட வேண்டும்' என்று ஒருவர் தாமே நாள் குறித்தால் என்ன நினைப்பீர்கள்? 2025-ஆம் ஆண்டு மே மாதம் பில் கேட்ஸ் அப்படித்தான் செய்தார். அவர் பெயரால் நடக்கும் அறக்கட்டளை 2045 டிசம்பர் 31-ஆம் தேதி கதவைச் சாத்தும் என்று அறிவித்தார். அதற்குள் ஏறக்குறைய 20,000 கோடி டாலர் செலவாகிவிட வேண்டும் என்பது திட்டம். நிறுவியவர்கள் காலமாகி 20 வருஷம் கழித்து மூடுவது என்று முன்பு ஓர் ஏற்பாடு இருந்தது. அதையும் இப்போது மாற்றிக்கொண்டார்.

கோடீசுவரர்களின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! தர்மத்துக்கு எத்தனை ஆயுசு வைப்பது என்ற கேள்வி, நம் விருதுநகர்ச் சீமையில், சிவகாசியிலும் சாத்தூரிலும், தாயை இழந்த பெண் குழந்தையின் படிப்போடு பின்னிக் கிடக்கிறது. அங்கே வந்து சேருவதற்கு முன்னால், கடல் கடந்து இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வந்தால் விஷயம் தெளிவாகும்.

முதலாமவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். 1862-ல் அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் பிறந்தவர். கடிதம் போட்டால் தையல் மெஷின் முதல் சட்டைப் பித்தான் வரையில் தபாலிலேயே அனுப்பி வைத்த சியர்ஸ் ரோபக் கம்பெனியின் தலைவர். பணம் மழையாகக் கொட்டியது. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. அங்கே கல்விக்காகப் பாடுபட்ட புக்கர் டி. வாஷிங்டன் ரோசன்வால்டுக்கு யோசனை சொன்னார். 1912-ல் அலபாமா மாகாணத்தில் ஆறு சின்னப் பள்ளிக்கூடங்களில் ஆரம்பித்த காரியம், 1932-க்குள் 15 மாகாணங்களில் 5,300 கட்டடங்களுக்கு மேல் வளர்ந்துவிட்டது!

ஆனால் ரோசன்வால்ட் சும்மா கொடுத்துவிடவில்லை. 'நான் ஒரு பங்கு தருகிறேன். ஊர்க்காரர்கள் ஒரு பங்கு தரட்டும். சர்க்காரும் தன் பங்கைத் தந்து பள்ளியை ஏற்று நடத்தட்டும்' என்றார். ஊர்க்காரர்களோ பரம ஏழைகள். என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? பருத்திக் காட்டில் ஒரு மூலையைப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கி விதைத்தார்கள். பெண்கள் கோழி வளர்த்து விற்றார்கள். பலகாரம் செய்து விற்றார்கள். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, கோடீசுவரர் கொடுத்ததைவிட அந்த ஏழைகள் கொடுத்த பணம் சற்று அதிகமாகவே இருந்தது.

1917-ல் ரோசன்வால்ட் தம் தர்ம காரியங்களுக்காக ஒரு நிதியை ஏற்படுத்தினார். 1928-ல் அதற்கு ஒரு நிபந்தனை போட்டார். தாம் கண்ணை மூடி 25 வருஷத்துக்குள் வட்டி, முதல் எல்லாவற்றையும் செலவழித்துத் தீர்த்துவிட வேண்டும் என்பதுதான் அது. அழியாத நிதியைக் கட்டிக் காக்கிற டிரஸ்டிகள், நாளடைவில் பணத்தைக் காப்பதையே தர்மமாக நினைத்துக்கொண்டு விடுகிறார்கள் என்பது அவருடைய கட்சி. நாளைக்கு வருகிற கஷ்டத்துக்கு நாளைக்கும் பணக்காரர்கள் இருப்பார்கள் அல்லவா, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பார். 1932-ல் அவர் காலமானார். 25 வருஷம் கூடக் காத்திருக்காமல் 1948-லேயே நிதியைத் தீர்த்து மூடிவிட்டார்கள். அதற்குள் எத்தனையோ பேரைத் தூக்கி விட்டிருந்தது அந்த நிதி. அதன் உதவிச் சம்பளம் பெற்றவர்களில் உலகப் புகழ் பெற்ற பாடகி மேரியன் ஆண்டர்ஸனும் ஒருவர்.

இரண்டாமவர் சக் ஃபீனி. இவருடைய கதை இன்னும் வேடிக்கை. 1931-ல் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தார். விமான நிலையங்களில் சுங்க வரி இல்லாமல் சாமான் விற்கிறார்களே, அந்தக் கடைகளை ஒரு கூட்டாளியோடு சேர்ந்து உலகம் பூராவும் திறந்து பெரும் பணக்காரர் ஆனார். 1982-ல் அட்லாண்டிக் பிலாந்திரபீஸ் என்ற அறக்கட்டளையை ஆரம்பித்து, 1984-ல் தம்முடைய பங்கு முழுவதையும் அதற்கு எழுதி வைத்துவிட்டார். வெளியே ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை! பத்திரிகைகள் அவரைப் பெரிய கோடீசுவரர்களின் பட்டியலில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர் கையில் இருந்தது 15 டாலர் பிளாஸ்டிக் கடிகாரம். ஆகாய விமானத்தில் மலிவான வகுப்பில்தான் போவார். காகிதங்களை எடுத்துப் போவதற்குத் தோல் பெட்டி கூட இல்லை, கடைப் பைதான். 1997-ல்தான் குட்டு வெளிப்பட்டது.

2002-ல் அவருடைய அறக்கட்டளை ஆயுசைக் குறுக்கிக்கொள்ளத் தீர்மானித்தது. 2016-ல் கடைசி நன்கொடைகளை அறிவித்தது. 2020 செப்டம்பரில் கணக்கை முடித்துக் கதவைச் சாத்தியது. மொத்தம் 800 கோடி டாலருக்கு மேல் கொடுத்தாயிற்று. அயர்லாந்தில் சர்வகலாசாலைகள், வியட்நாமில் ஆஸ்பத்திரிகள் என்று எத்தனையோ. தமக்கும் மனைவிக்குமாக ஃபீனி வைத்துக்கொண்டது சுமார் 20 லட்சம் டாலர். கொடுத்ததோடு பார்த்தால் அது நாலாயிரத்தில் ஒரு பங்கு. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, எல்லாம் முடிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, 2023 அக்டோபரில் 92-ஆம் வயதில் மறைந்தார்.

இதைப் படிக்கும்போது நம் காரைக்குடி அழகப்பச் செட்டியார் ஞாபகம் உங்களுக்கு வராமல் இருக்காது. மின் ரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தவர், கல்லூரிகளைக் கட்டியவர், தாம் குடியிருந்த மாளிகையையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தவர் என்று செட்டிநாட்டில் இன்றும் சொல்கிறார்கள். 1957-ல் 48-ஆவது வயது முடியுமுன்பே போய்விட்டார். இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் ஃபீனிக்கு முன்பே இங்கே ஒருவருக்கு இருந்திருக்கிறது.

சரி, முதலைத் தொடாத தர்மத்தில் அப்படி என்ன குறை? அதற்கும் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானபோது தம் பெருஞ் செல்வத்தைக் கோயில் கைங்கரியங்களுக்கும் தர்மங்களுக்கும் எழுதி வைத்தார். பிறகு என்ன நடந்தது? வழக்கு, வியாஜ்யம், நிர்வாகிகள் சண்டை! அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் துரை தலையிட்டு, கோர்ட்டு ஒரு திட்டம் வகுத்து, கோயில் தர்மங்கள் போக மிஞ்சிய பணத்தில் பச்சையப்பர் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் திறந்தபோது வருஷம் 1842. நாற்பத்தெட்டு வருஷம்! பச்சையப்பர் கண்ணை மூடிய வருஷத்தில் பிறந்த குழந்தைக்கு அதற்குள் பேரன் பிறந்திருப்பான்.

ஆனால் அவசரப்பட்டு ரோசன்வால்ட் கட்சியில் சேர்ந்துவிடவும் முடியவில்லை. பச்சையப்பர், '25 வருஷத்தில் தீர்த்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தால், அந்தப் பணம் முழுவதும் வக்கீல் வீட்டு வாசலிலேயே தீர்ந்திருக்கும். பள்ளிக்கூடமும் இல்லை, பிற்பாடு எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய கல்லூரியும் இல்லை. தூங்கின பணம், தூங்கினதனால்தான் பிழைத்தது! பணம் இப்படித் தூங்கக்கூடாது என்றுதான் இன்றைய வருமான வரிச் சட்டம் ஒரு சவுக்கை வைத்திருக்கிறது. தர்ம ஸ்தாபனங்கள் வருமானத்தில் 85 சதவீதத்தையாவது தர்ம காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் சவுக்கு வருமானத்தின்மேல்தான் விழும். முதல் பாட்டுக்குத் தூங்கலாம்.

இனி விருதுநகருக்கு வருவோம்.

விருதுபட்டி என்று பெயர் இருந்த காலத்திலேயே அது பெரிய வியாபார ஊர். பருப்பு, மல்லி, வற்றல், எண்ணெய் எல்லாம் அங்கே விலை பேசித்தான் நாலா பக்கமும் போகும். அந்த ஊர் நாடார் வியாபாரிகள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கடைக்கு வந்து போகும் சரக்கு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைக்க வேண்டும். அதற்கு 'மகமை' என்று பெயர். யாரும் பெரிய தொகையாகக் கொடுக்க வேண்டியதில்லை; வியாபாரம் நடந்தால் தர்மமும் நடக்கும். வண்டிப் பேட்டை, கிணறு, கோயில் எல்லாம் இந்த மகமையில் எழுந்தவை. சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களிலும் இதே கதைதான். உறவின்முறை என்ற சபை கணக்குப் பார்க்கும்.

1889-ல் அந்த ஊரில் சத்திரிய வித்தியாசாலை ஆரம்பமாயிற்று. பள்ளிக்கூடம் என்றால் மாதா மாதம் வாத்தியார் சம்பளம் வேண்டுமே? மகமையோடு கூட இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். அதுதான் பிடியரிசி. வீட்டுக்கு வீடு, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டு வைக்க வேண்டும். சேர்ந்த அரிசி பள்ளிக்கூடத்துக்கு.

ஒரு பிடியில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒரு வேளை எடுத்தாலே வருஷத்துக்கு 18 கிலோ. ஐந்நூறு வீடு இருந்தால் 9 டன் அரிசி! (காஞ்சிப் பெரியவர் பிற்காலத்தில் பிடி அரிசித் திட்டம் என்று ஏற்படுத்தியபோது, நம் பாட்டிமார்கள் பலர் அடுப்பங்கரையில் அதற்கென்று ஒரு டப்பா வைத்திருந்தது சில நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.)

நான் ரோசன்வால்டையும் ஃபீனியையும் படித்துவிட்டு இந்தப் பிடியரிசியை நினைத்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்தத் தர்மத்துக்கு முதலே கிடையாது. ஆடும் இல்லை, மந்தையும் இல்லை. அதன் ஆயுசு ஒரே ஒரு நாள். இன்றைக்குப் போட்ட பிடி இன்றோடு சரி. நாளைக்கு உலை வைக்கும்போது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். உலகத்திலேயே அற்பாயுசான தர்மம் என்றால் இதுதான். அப்படிப்பட்ட தர்மத்தில் ஏற்பட்ட பள்ளிக்கூடமோ நூறு வருஷத்தைத் தாண்டி நிற்கிறது!

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தத் தர்மத்துக்குப் பத்திரம் எழுதியவர், கையெழுத்துப் போட்டவர் யாரும் இல்லை. கொடுத்தவள் வீட்டு அம்மாள். அன்றைக்குச் சொத்து என்று அவள் பெயரில் ஒன்றும் இருந்திராது. ஆனால் இன்றைக்கு எத்தனை பிடி என்று தீர்மானிக்கிற அதிகாரம் அவள் கையில் இருந்தது. கொடுக்க மறந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் மறக்கவில்லை என்பதுதான் கதை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு சிறுவனுக்குச் சின்ன வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். தாயார் சிவகாமி அம்மையார் கஷ்டப்பட்டுக் குடும்பத்தை நடத்தினார். பையன் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைக்குப் போனான். அவர்தான் காமராஜர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1954-ல் முதலமைச்சர் ஆனபின் 1956-ல் எட்டயபுரத்தில் பகல் உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோதும், 1958-லிருந்து நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின்போதும், 'சர்க்கார் ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு' என்ற பிடியரிசி ஊர்க் கணக்கையே பார்க்கிறோம். பெஞ்சு கொடுத்தார்கள், மணி கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள். அலபாமாவில் கோழி விற்ற பெண்மணிகளும் விருதுபட்டியில் பிடியரிசி போட்ட பெண்மணிகளும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. செய்தது ஒரே காரியம்.

இப்படிச் சொல்வதனால் பிடியரிசியில் குறையே இல்லை என்று அர்த்தமல்ல. அது பெரும்பாலும் தன்னவர்களுக்குத் தன்னவர்கள் செய்துகொண்ட உதவி. கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு சமூகம், தன் பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தன் பானையில் கை வைத்தது. அதன் பெருமை பெருமைதான். ஆனால் ஊர்க் கோடியில், உறவின்முறையும் மகமையும் இல்லாத குடிசைக்கு யார் பிடி எடுத்து வைப்பார்கள்? அங்கேதான் தூரத்துப் பணம் தேவைப்படுகிறது. ரோசன்வால்ட் தம் இனத்தாரல்லாத குழந்தைகளுக்குக் கொடுத்தார். ஃபீனி தாம் பிறவாத நாட்டில் ஆஸ்பத்திரி கட்டினார்.

அந்த ஊர்க் கோடியைப் பார்க்க வேண்டுமானால் சிவகாசிப் பக்கம் போக வேண்டும்.

மழை பொய்த்த கரிசல் பூமி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த பிறகு, தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் மூன்றும் அந்தச் சீமைக்குச் சோறு போட்டன. கூடவே ஒரு வினையும் வந்தது. 1980-களில், விடியுமுன்பே கம்பெனி பஸ் கிராமத்துக்கு வந்து குழந்தைகளைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆலைக்குப் போகும். எம். ஸி. மேத்தா என்ற வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 10-ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் நம் கட்டுரைக்கு வேண்டிய ஒரு ரசமான பகுதி இருக்கிறது. சட்ட விரோதமாக வேலை வாங்கிய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும்; வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்க முடியாவிட்டால் சர்க்கார் 5,000 ரூபாய் போட வேண்டும். மொத்தம் 25,000 ரூபாய் ஒரு நிதியில் இருக்கும். அதன் வட்டி, குழந்தை பள்ளிக்குப் போகும் வரை, 14 வயது வரை, மாதா மாதம் குடும்பத்துக்குக் கிடைக்கும். பள்ளிக்கு அனுப்பாவிட்டால் வட்டி நிற்கும்.

பார்த்தீர்களா? நீதிபதிகளும் சாவா மூவாப் பேராட்டைத்தான் நினைத்துக்கொண்டார்கள்! வட்டி 12 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 250 ரூபாய். வட்டி விகிதம் பாதியானால் 125 ரூபாய். விலைவாசியோ கீழே இறங்குகிற வழக்கமே இல்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அதே 25,000 ரூபாயை முதலும் வட்டியுமாக ஐந்து வருஷத்தில் கொடுத்துத் தீர்ப்பது என்றால், 12 சதவீத வட்டியில் மாதம் 550 ரூபாய்க்கு மேல் வரும். இரண்டு மடங்கு! அவள் 14 வயதைத் தாண்டிய பிறகு அவள் பெயரில் அந்த முதல் எதற்காகப் படுத்திருக்க வேண்டும்? குழந்தைப் பருவத்துக்கு ஆயுசு குறைவு. அதற்காக ஏற்பட்ட பணம் அதைவிட அதிக நாள் இருந்து என்ன பிரயோசனம்?

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. அது சில வருஷக் கணக்கில் வந்து போகும் திட்டங்கள். வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்காக மத்திய சர்க்கார் 1980-களின் கடைசியில் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில், விசேஷப் பள்ளிகள் விருதுநகர் மாவட்டத்திலும் நடந்தன. 2021-ல் அதைத் தனித் திட்டமாக வைத்திருக்காமல் பொதுக் கல்வித் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். தர்ம ஸ்தாபனங்களோ, மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று கூடாரம் அடித்து, அறிக்கை அச்சடித்து, கிளம்பிவிடுவதே அனேகமாக வழக்கம். கிளம்புவதில் தவறில்லை, யாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்ஸ் அறக்கட்டளையே 2003-ல் எச்.ஐ.வி. நோயைத் தடுக்க 'ஆவாஹன்' என்ற திட்டத்தைத் தமிழ்நாடு உள்பட ஆறு ராஜ்யங்களில் நடத்தியது. ஆரம்ப வருஷங்களிலேயே ஒப்படைப்பைப் பற்றிப் பேசி, படிப்படியாக சர்க்காரிடம் கொடுத்து, 2013 வாக்கில் விலகிக்கொண்டது. நல்ல விருந்தாளிக்கு அழகு அது!

இப்போது கடைசி விஷயம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் பெருவாரியாக வேலை செய்த காலம் மலையேறிவிட்டது. ஆனால் விபத்து மலையேறவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டார்கள். அதற்குப் பின்னும் வருஷம் தவறாமல் சேதி வந்துகொண்டுதான் இருக்கிறது. மருந்து அறைகளில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் ஏராளம். காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் போனவள் மாலையில் திரும்பவில்லை என்றால், நஷ்ட ஈட்டுப் பணம் ஒரு தரம் வரும். கடன்காரன் அதைவிடச் சீக்கிரம் வருவான். அடுத்த ஜூனில் பெண்ணின் படிப்பு நிற்கும். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமே!

2024 நவம்பரில், அப்போது முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலின் விருதுநகரில் ஓர் அறிவிப்புச் செய்தார். பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் குழந்தைகளுக்கு உயர்கல்வி வரையில் ஆகும் செலவை அரசாங்கமே ஏற்கும். அதற்காக மாவட்டத்தில் தனி நிதி ஏற்படுத்தி முதல் தவணையாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றார். நல்ல காரியம். மனசாரப் பாராட்ட வேண்டிய காரியம்.

ஐந்து கோடியைச் சாவா மூவாப் பேராடாக வைத்தால், 7 சதவீதத்தில் வருஷத்துக்கு 35 லட்சம் வரும். ஒரு குழந்தைக்கு வருஷம் 50,000 ரூபாய் என்றால் எழுபது குழந்தைகள். ரோசன்வால்ட் வழியில் பத்து வருஷத்தில் தீர்த்துவிடுவது என்றால் வருஷம் 71 லட்சம் வரும். நூற்று நாற்பது குழந்தைகள். ஆனால் பதினோராவது வருஷம் விபத்து நேராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நிதிக்கு ஆயுசு குறிப்பதை விட்டுவிட்டு, குழந்தைக்குக் குழந்தை ஆயுசு குறிக்க வேண்டும் என்பேன். விபத்து நடந்த அன்றே, அந்த வீட்டுக் குழந்தை எந்த வகுப்பு, கல்லூரி முடிக்க எத்தனை வருஷம், எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை அவள் பெயருக்கு ஒதுக்கி, அவள் பட்டம் வாங்குகிற வருஷத்தில் கடைசிக் காசும் தீரும்படி வைக்க வேண்டும். அவள் பங்குக்கு முதல் என்று எதுவும் மிஞ்ச வேண்டாம். நிதி காலியாகக் காலியாக, அடுத்த பிடியைப் போடுகிற கை வேண்டும். அது பட்டாசு விற்கிற முதலாளியின் கையாக இருப்பதே நியாயம். பெட்டிக்கு இவ்வளவு என்று மகமை எடுக்க அந்தச் சீமைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன? தீபாவளிக்குப் பெட்டி பெட்டியாக வாங்குகிற நாமும் அந்தக் கணக்கில் உண்டு.

2024 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பெண், பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பது 2036-ல். பட்டம் வாங்குவது 2039-ல். விருதுநகர்க் கலெக்டர் ஆபீசில் இருக்கும் அந்த நிதியின் பேரேட்டில், 2039 என்று தலைப்புப் போட்டு அவள் பெயருக்கு எதிரே ஒரு தொகை எழுதியிருக்க வேண்டும்.